டெர்மினலில் ஒரு குகைப் பயணம்: ‘ஓபன் அட்வென்ச்சர்’ நிறுவி விளையாட ஒரு வழிகாட்டி

படமும் கிடையாது, இசையும் கிடையாது. திரையில் சில வரிகள் வரும். நீங்கள் ஓரிரு சொற்களைத் தட்டிப் பதில் சொல்வீர்கள். அடுத்த காட்சி வரும். வில் க்ரௌதர் 1976-இல் எழுதி, டான் வுட்ஸ் 1977-இல் விரித்த குகை விளையாட்டின் 430 புள்ளிப் பதிப்புதான் ‘ஓபன் அட்வென்ச்சர்’. மூல ஆசிரியர்களின் அனுமதியோடு எரிக் ரேமண்ட் 2017-இல் இதைத் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டார். வரலாறு இவ்வளவு போதும்.

விளையாட்டு எளிது; நிறுவுவதுதான் புதியவர்களை விரட்டுகிறது. எனக்குக் கிடைத்த குறிப்புகள் எல்லாமே டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரை) ஏற்கெனவே பழகியவர்களுக்காக எழுதப்பட்டவை. “தொகுப்பை நிறுவி இயக்கவும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை இடத்தில் கால் இடறும் என்று அவர்களுக்கு நினைவில்லை. கறுப்புத் திரையை முதன்முறை திறப்பவர், யாரையும் கேட்காமல் குகை வாசல் வரை போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: செலவு, நேரம், தேவை

பணச் செலவு எதுவும் இல்லை. பிஎஸ்டி என்ற திறந்த மூல உரிமத்தில் வருவதால் பதிவு செய்யவோ, கணக்குத் திறக்கவோ, பணம் கட்டவோ வேண்டியதில்லை. எந்தத் தளமாவது இந்த விளையாட்டுக்குக் கட்டணம் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

லினக்ஸ் கணினி என்றால் சில நிமிட வேலை. தரவிறக்கமும் மிகச் சிறியது. விண்டோஸ் என்றால் முதலில் அதனுள் ஒரு லினக்ஸை அமைக்க வேண்டும். அதற்குக் கணிசமான டேட்டா செலவாகும், கணினியை ஒருமுறை அணைத்துத் திறக்கவும் வேண்டும். கைப்பேசி டேட்டாவை நம்பித் தொடங்காதீர்கள். வைஃபை இருக்கும் இடத்தில் செய்யுங்கள். பழைய கணினியே தாராளம்; கிராபிக்ஸ் கார்டு எதுவும் தேவையில்லை.

ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வையுங்கள். ஏன் என்று 6-வது படியில் தெரியும்.

இங்குள்ள கட்டளைகளைப் படிக்கும் முறை

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில், உச்சரிப்பின்படி தந்திருக்கிறேன். நீங்கள் அவற்றை ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்தாகத் தட்ட வேண்டும். எழுத்துக் கூட்டலில் ஐயம் வரக்கூடிய சொற்கள் இவை: சூடோ என்பது எஸ், யு, டி (‘டவுன்’ என்பதன் முதல் எழுத்து), ஓ. ஆப்ட் என்பது ஏ, பி (‘பென்’ என்பதன் முதல் எழுத்து), டி (‘டெர்மினல்’ என்பதன் முதல் எழுத்து). அட்வென்ட் என்பது ஏ, டி (‘டவுன்’ டி), வி, இ, என், டி (‘டெர்மினல்’ டி). கடைசியில் ‘யூர்’ கிடையாது. மற்றவை வழக்கமான ஆங்கிலச் சொற்கள். சொல்லுக்குச் சொல் ஓர் இடைவெளி. ஹைபன் என்று சொல்லும் இடத்தில் சிறு கோடு; அதன் முன்னும் பின்னும் இடைவெளி விட வேண்டுமா என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு என்டர்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு பொறி உண்டு. விசைப்பலகை தமிழில் இருந்தால் எதைத் தட்டினாலும் பிழைதான் வரும். டெர்மினலைத் திறந்ததும் விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டுக்குள்ளும் ஆங்கிலச் சொற்கள் மட்டுமே செல்லும்.

1. டெர்மினலைத் திறவுங்கள்

உபுண்டு, டெபியன் பயன்படுத்துவோர் கன்ட்ரோல், ஆல்ட், டி (‘டெர்மினல்’ டி) மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். திறக்கவில்லையென்றால் மெனுவில் டெர்மினல் என்று தேடுங்கள். ராஸ்பெர்ரி பை இயங்குதளமும் டெபியன் வழி வந்ததுதான். இந்த மூவரும் நேராக 2-வது படிக்குப் போகலாம்.

விண்டோஸில் வேலை கொஞ்சம் கூடுதல். விண்டோஸ் 11, அல்லது விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் பவர்ஷெல் என்று தேடி, அதன்மேல் வலது கிளிக் செய்து, நிர்வாகியாக இயக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணமாகத் திறந்தால் அனுமதிச் சிக்கல் வந்து நிற்கும். திறந்ததும் டபிள்யூ, எஸ், எல் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு இரண்டு ஹைபன்களை ஒட்டி ‘இன்ஸ்டால்’ என்று தட்டுங்கள். இது உபுண்டுவை இறக்கி அமைக்கும். முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

மறுதொடக்கத்துக்குப் பின் உபுண்டு சாளரம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் நட்சத்திரக் குறிகூட வராது, எதுவுமே நகராது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைத்துச் சாளரத்தை மூடிவிடாதீர்கள். நீங்கள் தட்டுவது உள்ளே போகிறது. முழுவதும் தட்டி என்டர் அழுத்துங்கள். இந்தக் கடவுச்சொல் உங்கள் விண்டோஸ் கடவுச்சொல் அல்ல, புதியது. தாளில் குறித்து வையுங்கள். நிறுவும்போது மறுபடியும் கேட்கும்.

0எக்ஸ்80370102 என்று பிழை எண் வந்தால் கணினியின் பயாஸ் அமைப்பில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) விர்ச்சுவலைசேஷன், அதாவது ஓர் இயங்குதளத்துக்குள் இன்னொன்றை இயக்க உதவும் வசதி, அணைந்திருக்க வாய்ப்பு அதிகம். கணினி தொடங்கும்போதே பயாஸுக்குள் போய் அதை இயக்க வேண்டும். எந்த விசை என்பது மடிக்கணினிக்கு மடிக்கணினி மாறும்; உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். இதற்காக விண்டோஸை அழித்து மீண்டும் போடச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். அது தேவையே இல்லை.

2. தொகுப்பாக நிறுவுங்கள்

தொகுப்பு என்பது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள். முதலில் தொகுப்புப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும்:

சூடோ ஆப்ட் அப்டேட்

கடவுச்சொல் கேட்கும். இங்கும் பெரும்பாலும் திரையில் எதுவும் தெரியாது. இந்தப் படியைத் தாண்டிப் போனால் அடுத்ததில் ‘தொகுப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற பொருளில் பிழை வரும். புதிதாக அமைத்த உபுண்டுவில் இது அதிகம் நடக்கும்.

பிறகு:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓபன்-அட்வென்ச்சர்

கடைசிச் சொல்லில் ஓபனுக்கும் அட்வென்ச்சருக்கும் நடுவே ஒரு ஹைபன்; இருபுறமும் இடைவெளி கூடாது. தொடரலாமா என்று கேட்டால் ஒய் தட்டி என்டர்.

அப்டேட் செய்த பிறகும் தொகுப்பு கிடைக்கவில்லையென்றால், உபுண்டுவில் ‘யுனிவர்ஸ்’ என்ற தொகுப்புக் களஞ்சியம் அணைந்திருக்கலாம். சூடோ, இடைவெளி, ஆட்-ஆப்ட்-ரெபாசிட்டரி (ஹைபன்களைச் சுற்றி இடைவெளி இல்லாமல்), இடைவெளி, யுனிவர்ஸ் என்று தட்டி அதைச் சேர்த்துவிட்டு, அப்டேட்டிலிருந்து மறுபடி வாருங்கள்.

மேக் கணினியில் ஹோம்ப்ரூ (மென்பொருள்களை நிறுவும் கருவி) ஏற்கெனவே இருந்தால் ‘ப்ரூ இன்ஸ்டால் ஓபன்-அட்வென்ச்சர்’ என்பதோடு முடிந்தது. சூடோ வேண்டாம்.

3. இயக்குங்கள்

அட்வென்ட்

என்று தட்டினால் வரவேற்பு வாசகம் வர வேண்டும். வந்துவிட்டால் 5-வது படிக்குத் தாவுங்கள்.

‘கட்டளை கிடைக்கவில்லை’ என்று வந்தால் பதறி நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். அதனால் ஒன்றும் மாறாது. டெபியன் குடும்பத்தில் விளையாட்டுகள் யுஎஸ்ஆர் கோப்புறைக்குள் உள்ள கேம்ஸ் என்ற கோப்புறைக்குப் போகின்றன. சாதாரணப் பயனராக இருந்தால் டெர்மினல் அங்கும் தேடும். ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி) பயனராக உள்ளே நுழைந்திருந்தால் தேடாமல் போகலாம். எனவே ரூட்டிலிருந்து வெளியேறி உங்கள் பெயரில் வாருங்கள். விளையாட ரூட் அதிகாரம் எதற்கு? நிறுவும்போது மட்டும் சூடோ, விளையாடும்போது ஒருபோதும் வேண்டாம்.

அப்படியும் வரவில்லையென்றால் முழு முகவரியைத் தட்டுங்கள்: ஸ்லாஷ் யுஎஸ்ஆர் ஸ்லாஷ் கேம்ஸ் ஸ்லாஷ் அட்வென்ட், நடுவே இடைவெளி எங்கும் இல்லாமல். நிரல் எந்தப் பெயரில் அமர்ந்திருக்கிறது என்று பார்க்க ‘டிபிகேஜி’ என்ற நான்கு எழுத்து (‘டவுன்’ டி, ‘பென்’ பி, கே, ஜி), இடைவெளி, ஹைபனோடு ஒட்டிய பெரிய எல், இடைவெளி, ஓபன்-அட்வென்ச்சர். தொகுப்பு போட்ட கோப்புகள் எல்லாம் வரிசையாக வரும். அதில் கேம்ஸ் கோப்புறைக்குக் கீழ் உள்ள பெயர்தான் நீங்கள் தட்ட வேண்டியது. இந்தக் கட்டுரையில் பெரிய எழுத்து வேண்டிய ஒரே கட்டளை இது. லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகவே பார்க்கும்.

4. மூலநிரலிலிருந்து கட்டுவது: வேண்டியவர்களுக்கு மட்டும்

தொகுப்பு வழி வேலை செய்தவர்கள் இதைத் தொட வேண்டாம். வேறு வகை லினக்ஸ் வைத்திருப்பவர்களும், நிரல் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க விரும்புபவர்களும் படியுங்கள்.

சி மொழிக்கான ஜிசிசி தொகுப்பி, மேக் (மேக் கணினி அல்ல; நிரலைக் கட்டும் கருவி; எம், ஏ, கே, இ), கிட், பிகேஜி-கான்ஃபிக், பைத்தான் 3, அதற்கான யாம்ல் நூலகம், லிப்எடிட் நூலகம் ஆகியவை தேவை. டெபியனிலும் உபுண்டுவிலும் கடைசி இரண்டின் தொகுப்புப் பெயர்கள் பைத்தான்3-யாம்ல், லிப்எடிட்-டெவ். ஃபெடோராவில் லிப்எடிட்-டெவல். இந்த ‘டெவ்’ வாலில்தான் பெரும்பாலோர் மாட்டுகிறார்கள். லிப்எடிட் ஏற்கெனவே கணினியில் இருக்கும்; ஆனால் நிரல் கட்டத் தேவையான தலைப்புக் கோப்புகள் ‘டெவ்’ தொகுப்பில்தான் வரும். பிழைச் செய்தியில் ‘யாம்ல்’ என்ற சொல் தெரிந்தால் பைத்தான் நூலகம் இல்லை. ‘எடிட்லைன்’ அல்லது ‘லிப்எடிட்’ தெரிந்தால் டெவ் தொகுப்பு இல்லை. முழுப் பிழையையும் படித்து மிரள வேண்டாம், இந்தச் சொற்களை மட்டும் தேடுங்கள்.

எல்லாம் அமைந்ததும் கிட்லேப் தளத்தில் எரிக் ரேமண்டின் இஎஸ்ஆர் என்ற கணக்கின் கீழ் உள்ள ஓபன்-அட்வென்ச்சர் களஞ்சியத்தைக் கிட் குளோன் கட்டளையால் இறக்குங்கள். விண்டோஸுக்குள் உபுண்டு வைத்திருப்பவர்கள் சி டிரைவில் இறக்காமல் உபுண்டுவின் ஹோம் கோப்புறையிலேயே இறக்குங்கள். வேகமும் கூடும், அனுமதிச் சிக்கலும் வராது. பிறகு சி, டி (‘டவுன்’ டி) என்ற இரண்டெழுத்துக் கட்டளையால் அந்தக் கோப்புறைக்குள் போய், ‘மேக்’ என்று தட்டுங்கள். சாதாரணக் கணினியில் சீக்கிரமே முடிந்துவிடும்.

இயக்கும்போது வெறுமனே அட்வென்ட் என்று தட்டினால் கிடைக்காது. முன்னால் ஒரு புள்ளியும் ஒரு ஸ்லாஷும் ஒட்டிப் போடுங்கள். ‘இந்தக் கோப்புறையில் இருப்பதை இயக்கு’ என்பதற்கு அதுதான் அடையாளம்.

களஞ்சியத்தில் ரீட்மீ, இன்ஸ்டால் என்ற ஆவணங்கள் இருக்கின்றன. இரண்டும் சிறியவை, படித்துவிடுங்கள். ஆனால் அட்வென்ச்சர் டாட் யாம்ல் என்ற கோப்பைத் திறக்காதீர்கள். குகையின் ஒவ்வோர் அறையும், பொருளும், புதிரின் விடையும் அதற்குள் எழுத்தாக இருக்கின்றன. ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் அந்தப் புதிரை நீங்களே அவிழ்க்கும் சுகம் போயிற்று.

5. முதல் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லுங்கள்

தொடங்கியதும் ‘விளக்கம் வேண்டுமா?’ என்று விளையாட்டு கேட்கும். உபசாரத்துக்குக் கேட்பதாகத் தோன்றும். உண்மையில் அதற்கு விலை உண்டு. ஆம் என்றால் 5 புள்ளிகள் போகும். ஆனால் உங்கள் விளக்கு 1000 நகர்வு எரியும். இல்லை என்றால் புள்ளி போகாது. விளக்கு 330 நகர்வோடு சரி.

முதன்முறை ஆடுபவர் தயங்காமல் ஆம் என்று சொல்லுங்கள். 430-இல் 5 புள்ளி ஒரு பொருட்டே அல்ல. இருட்டில் விளக்கு அணைந்து, அடுத்த அடியில் பள்ளத்தில் விழுந்து சாவதுதான் பெரிய நஷ்டம். ஒவ்வொரு சாவுக்கும் 10 புள்ளி குறையும்.

வேறு கட்டணங்களும் உண்டு. ஓரிடத்தில் வெகுநேரம் திணறினால் குறிப்புத் தரட்டுமா என்று விளையாட்டே கேட்கும். எத்தனை புள்ளி என்பதையும் முன்கூட்டியே சொல்லும். மொத்த நகர்வு 350-ஐத் தொட்டால் 2 புள்ளி கழியும். மேலே போகப் போக இன்னும் கழியும். முதல் ஆட்டத்தில் இதையெல்லாம் எண்ணாதீர்கள். குகையைச் சுற்றிப் பாருங்கள்.

6. குகைக்குள் இறங்குவது

சாலை முடியும் இடத்தில், ஒரு சிறிய செங்கல் கட்டடத்தின் முன் நிற்பீர்கள். ‘இன்’ என்று தட்டினால் உள்ளே போவீர்கள். அங்கே சாவிக்கொத்து, விளக்கு, உணவு, ஒரு பாட்டில் இருக்கும். கெட் கீஸ், கெட் லேம்ப் என்று ஒவ்வொன்றாக எடுங்கள். கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஐ என்ற ஒற்றை எழுத்து போதும். சுற்றிலும் பார்க்க எல்.

‘அவுட்’ என்று வெளியே வந்து, எஸ் என்ற எழுத்தைத் தட்டித் தட்டித் தெற்கே போங்கள். பள்ளத்தாக்கு வரும். அடுத்து, ஓடை நீர் முழுவதும் பாறையில் உள்ள 2 அங்குலப் பிளவுக்குள் விழுந்து மறையும் இடம். அந்தப் பிளவுக்குள் நுழைய முயன்று நகர்வை வீணாக்காதீர்கள். இன்னும் ஓர் அடி தெற்கே போனால் வெறும் மண்தரைப் பள்ளம். அதில் கான்கிரீட்டில் பதித்த இரும்புக் கம்பிக் கதவு, பூட்டியிருக்கும். ‘அன்லாக் கிரேட்’ என்று தட்டுங்கள் (கிரேட் என்பது இங்கே ஜி, ஆர், ஏ, ‘டெர்மினல்’ டி, இ; கம்பிக் கதவு). சாவி கையில் இருந்தால் திறக்கும். டி (‘டவுன்’ டி) என்ற எழுத்து உங்களைக் கீழே இறக்கும். அங்கிருந்து மேற்கே, அதாவது டபிள்யூ. வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் ‘ஆன்’ என்று தட்டி விளக்கை ஏற்றுங்கள்.

இதற்கு மேல் வழி சொல்லப்போவதில்லை. சற்று உள்ளே ஓர் அறையின் சுவரில் ஒரு மந்திரச் சொல் எழுதியிருக்கும். அதை நீங்களே படித்து, நீங்களே தட்டிப் பார்க்க வேண்டும்.

சில பழக்கங்கள் மட்டும் சொல்கிறேன். விளையாட்டு ஒவ்வொரு சொல்லிலும் முதல் 5 எழுத்தை மட்டுமே பார்க்கும். ஆகவே வடகிழக்கு என்பதை ஆங்கிலத்தில் முழுதாகத் தட்டினால் வடக்கு என்று எடுத்துக்கொள்ளும். என், இ என்ற இரண்டெழுத்தைப் போடுங்கள். விளக்கு எரியும்போதுதான் அதன் ஆயுள் குறையும். வெளிச்சமான இடத்துக்கு வந்ததும் ‘ஆஃப்’ தட்டி அணைத்துவிடுங்கள். கண்டெடுக்கும் புதையல்களைச் செங்கல் கட்டடத்துக்குக் கொண்டுவந்து இறக்கினால்தான் முழுப் புள்ளி.

இனி அந்தத் தாள். அறைக்கு ஒரு கட்டம், வழிக்கு ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே போங்கள். கோட்டின் இரு முனையிலும் திசையை எழுதுங்கள், ஏனென்றால் இந்தக் குகையில் வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் புறப்பட்ட இடம் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எல்லா அறையும் ஒன்றுபோலவே வருணிக்கப்படும் புதிர்ப்பாதை ஒன்றும் உண்டு. அங்கே அறைக்கு ஒரு பொருளைக் கீழே போட்டு அடையாளம் வையுங்கள். அதற்குள் நுழையும் முன் வேண்டாத பொருள்கள் சிலவற்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

7. சேமிப்பது

‘சேவ்’ அல்லது ‘சஸ்பெண்ட்’ என்று தட்டினால் 5 புள்ளி ஆகும், சம்மதமா என்று கேட்கும். சம்மதித்தால் கோப்பின் பெயரைக் கேட்கும். இங்கே எளிய ஒற்றைச் சொல்லாகக் கொடுங்கள். டெர்மினலில் ஹோம் கோப்புறைக்குப் பயன்படுத்தும் அலைக்கோடு இந்தக் கேள்விக்குச் செல்லாது.

கோப்பு எங்கே போகிறது? விளையாட்டைத் தொடங்கியபோது டெர்மினலில் நீங்கள் எந்தக் கோப்புறையில் நின்றீர்களோ அங்கே. மறுநாள் வேறு கோப்புறையிலிருந்து தொடங்கி, ‘என் சேமிப்பு காணாமல் போய்விட்டது’ என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். காணாமல் போகவில்லை, வேறிடத்தில் இருக்கிறது. விளையாட்டுக்கென்று ஒரு கோப்புறை வைத்துக்கொண்டு, எப்போதும் அதற்குள் போன பிறகே தொடங்குங்கள்.

மீண்டும் தொடர: அட்வென்ட், இடைவெளி, ஹைபனோடு ஒட்டிய ஆர், இடைவெளி, கோப்பின் பெயர். விளையாட்டுக்குள் இருந்தபடி ‘ரெஸ்யூம்’ என்றும் தட்டலாம்.

இரண்டு எச்சரிக்கை. கன்ட்ரோல்-சி அழுத்தினால் சேமிக்காமலே வெளியே தள்ளிவிடும். ஏதாவது நகலெடுக்க நினைத்துப் பழக்கதோஷத்தில் அதை அழுத்திவிடாதீர்கள். தொகுப்பாக நிறுவிய பதிப்பில் சேமித்ததை, மூலநிரலிலிருந்து கட்டிய வேறு பதிப்பு ஏற்காமல் போகலாம். சேமிப்பு வடிவம் மாறியிருந்தால் விளையாட்டே அதைச் சொல்லி மறுத்துவிடும். ஒரு பயணம் முடியும் வரை ஒரே பதிப்பில் இருங்கள்.

8. புள்ளி இழக்காமல் பதிவு வைத்துக்கொள்வது

சேமிப்புக்கு 5 புள்ளி கொடுக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. பல குறிப்புகளில் இது இருப்பதில்லை. அட்வென்ட், இடைவெளி, ஹைபனோடு ஒட்டிய சிறிய எல், இடைவெளி, ஒரு கோப்புப் பெயர் என்று தொடங்குங்கள். நீங்கள் தட்டும் ஒவ்வொரு கட்டளையும் அந்தக் கோப்பில் பதிவாகும். தற்செயல் நிகழ்வுகளுக்கான விதை எண்ணும் அதில் சேர்ந்துவிடுவதால், அதே கோப்பை மறுபடி ஓட்டினால் குகையில் எதிர்ப்படும் குள்ளர்கள் வருவதும் கத்தி வீசுவதும் அப்படியே திரும்ப நடக்கும்.

தொடர விரும்பும்போது அட்வென்ட், இடைவெளி, அந்தக் கோப்பின் பெயர், இடைவெளி, தனியே ஒரு ஹைபன். பழைய கட்டளைகள் மளமளவென்று ஓடி முடிந்ததும் கட்டுப்பாடு உங்கள் விசைப்பலகைக்கு வரும். இதற்கு ஒரு நிபந்தனை: ஆட்டத்தை ‘குவிட்’ என்று முடித்திருக்கக் கூடாது, அதுவும் பதிவாகி, மறுபடி ஓடும்போது அங்கேயே ஆட்டம் முடிந்துவிடும். காலி வரியில் கன்ட்ரோல்-டி (‘டவுன்’ டி) அழுத்தி வெளியேறுங்கள். ஒவ்வொரு முறையும் பதிவுக்குப் புதுப் பெயர் கொடுங்கள். பழைய பெயரையே கொடுத்தால் பழைய பதிவு அழிந்துவிடும்.

எல்லா விருப்பங்களையும் ஒரே இடத்தில் பார்க்க ‘மேன் அட்வென்ட்’ என்று தட்டுங்கள். படித்து முடித்ததும் வெளியேற க்யூ என்ற எழுத்து.

9. நீக்குவது

சூடோ ஆப்ட் ரிமூவ் ஓபன்-அட்வென்ச்சர். உங்கள் சேமிப்புகளும் பதிவுகளும் இதனால் அழியாது; உங்கள் கோப்புறையிலேயே இருக்கும். மூலநிரலிலிருந்து கட்டியவர்கள் குளோன் செய்த கோப்புறையை நீக்கினால் போதும், ஆனால் சேமிப்புக் கோப்புகளை அதற்குள்ளேயே வைத்திருந்தால் முதலில் அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள்.